சத்தமில்லாமல் ஜெபிக்கப் பழகிய வருஷம்

1

போன மாதம் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஐக்கியம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அயர்லாந்தின் மேற்குப் பக்கம், மழை விடாத ஒரு சின்ன ஊர். பதினைந்து இருபது தமிழ்க் குடும்பங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, கூடைப்பந்துக் கோடுகளின் மேல் நாற்காலி போட்டு ஆராதனை நடத்துகிறோம். என் கணவர் செல்வின் இறந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. அதையொட்டி, கஷ்டகாலத்துக்கு விசுவாசத்தை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று நான் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்றார் போதகர்.

எழுந்து நின்றேன். "நான் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறேன். விசுவாசமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அதையும் யாரோ கைப்பேசியில் பிடித்து ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் என்னோடு நர்சிங் படித்த சிநேகிதி அழைத்து, "ஏட்டி, பின்வாங்கிட்டியா?" என்று கேட்டாள். எங்கள் சபைகளில் அது பெரிய வார்த்தை. விசுவாசத்தை விட்டு நழுவிப் போனவர்களைத்தான் அப்படிச் சொல்வோம். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் போனில் விளங்க வைக்கிற காரியம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவதால் முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் முக்கூடல்காரி. செல்வினுக்கு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர். கல்யாணமாகும்போது அவர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்கு அயர்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தது. மகள் நவோமிக்கு அப்போது மூன்று வயது. நான் முதலில் வந்தேன். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

இங்கே வாத்தியார் வேலை பார்க்க அவருடைய பட்டத்தை மதிப்பிட வேண்டும் என்றார்கள். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டியது. அந்த அலுவலகம், நீங்கள் படித்த பாடத்தின் விவரம் உங்கள் கல்லூரியிலிருந்து முத்திரையோடு நேராக எங்களுக்கு வர வேண்டும் என்றது. கல்லூரியில் அந்தக் காலத்துப் பாடத்திட்டத்தைத் தேடி எடுக்க ஆளில்லை. எல்லாம் போய்ச் சேர்ந்தபோது, இன்னும் இரண்டு பாடம் குறைகிறது, திரும்பப் படியுங்கள் என்று பதில் வந்தது. அவர் சிரித்துக்கொண்டார். அதற்குள் ரொட்டிக் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டத் தொடங்கியிருந்தார். விடியுமுன்னே கிளம்பி ஊர் ஊராகக் கடைகளுக்கு ரொட்டி போடுகிற வேலை. பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் கடைசிவரை அதைத்தான் செய்தார்.

வீட்டில் ஜெபிக்கிறவள் நான். பெண்கள் ஐக்கியத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால், விசா வரவில்லை என்றால், "எஸ்தர் அக்கா ஜெபிப்பாங்க" என்பார்கள். எழுந்து நின்றால் தங்குதடையில்லாமல் வரும். செல்வின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிரசங்கத்தில் தூங்குவார். விடியுமுன்னே எழுகிற மனிதர், வேறு என்ன செய்வார். நவோமி பதினாறு வயதில் வருவதை நிறுத்திவிட்டாள். அங்கே வந்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை அம்மா என்றாள். நான் அழுதேன், சண்டை போட்டேன். அவர் மட்டும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து அவரோடு சண்டை போட்டேன்.

3

நோயை முதலில் கண்டுபிடித்தது நவோமிதான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, நீங்க இப்ப என்னை மாதிரியே தமிழ் பேசுறீங்க" என்றாள். அவளுக்கு ழகரம் வராது. பலம் என்றாலும் பழம் என்றாலும் ஒன்றுதான். செல்வினுக்கோ ழகரம் என்றால் ஒரு பெருமை. இத்தனை வருஷம் அவளைத் திருத்திக்கொண்டிருந்த அப்பா, வாழைப்பழம் என்பதை வாலப்பலம் என்றார். அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்து நாங்கள் சிரித்தோம். அவர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். வரவில்லை.

பிறகு ரொட்டிக் கூடைகள் கைநழுவ ஆரம்பித்தன. ஒவ்வொரு டாக்டராக மாறி, ஒவ்வொரு முறையும் மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் நரம்பு டாக்டர் ஒரு பெண், நாற்காலியை எங்களுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். மூளையிலிருந்து தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். செல்வினுக்கு நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கியிருக்கிறது. பேச்சு போகும், விழுங்குவது போகும், பிறகு மூச்சு. மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. நான் நர்ஸ். டாக்டர் வாயைத் திறக்குமுன்னே எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்த அறையில் நான் பெண்சாதி மட்டும்தான்.

அடுத்த வாரமே சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்து, கதவுகளின் அகலத்தை அளந்தாள். சக்கர நாற்காலி நுழையுமா என்று பார்க்கவாம். அப்போது அவர் நன்றாக நடந்துகொண்டிருந்தார். அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்ததே அவர்தான். எனக்குக் கோபம் வந்தது. நடக்கிற மனிதன் முன்னால் நின்று இப்படி அளப்பார்களா என்று கேட்டேன். தேவைப்படும்போது ஆரம்பித்தால் நேரம் போதாது, தேவைக்கு முன்னாலேயே பழகிவிட வேண்டும் என்று அந்தப் பெண் பணிவாகச் சொன்னாள்.

அவள் போனபின் செல்வின் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். "அவா சொல்லுதது சரிதான் எஸ்தரு. கதவுக்கு இப்பமே அளவெடுக்குதாவ. விசுவாசத்துக்கு மட்டும் எல்லாம் வந்த பொறவு பாத்துக்கிடலாம்னு இருக்க முடியுமா?"

பிரசங்கத்தில் தூங்குகிற மனிதர் இதைச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அந்த இடம் என் இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

4

வேன் ஓட்டக்கூடாது என்று ஆனபின் காலைநேரம் அவருக்குக் கிடைத்தது. நான் வேலைக்குப் புறப்படுமுன் என்னைச் சமையலறையில் உட்கார வைத்தார். ஜெபிப்போம், ஆனால் வாய் பேசாமல் என்றார். எனக்கு விளங்கவில்லை. நம் பக்கத்து ஜெபம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வீதியில் போகிறவனுக்கும் கேட்கும். எனக்கு வாய் போகப்போகிறது, வாய் இருக்கும்போதே வாயில்லாமல் ஜெபிக்கப் பழக வேண்டும் என்றார். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற பையனை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

உட்கார்ந்தோம். எனக்கு டியூட்டி அட்டவணை ஞாபகம் வந்தது. குளிர்பெட்டியில் இருக்கிற மீன் ஞாபகம் வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடவில்லையா என்று கேட்டேன். நான் கண்ணை மூடினால் எனக்குத்தான் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியுமே என்றார். அப்படியே தினமும் நடந்தது. பெரிய அனுபவம் எதுவும் வரவில்லை. அமைதிகூட வரவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம், பக்கத்து வீட்டு நாய், என் முதுகுவலி. பிறகு எழுந்து வேலைக்குப் போவேன்.

ஆனால் நான் வேறு இடத்தில் வேறு மாதிரி ஜெபித்துக்கொண்டிருந்தேன். காரில், இல்லத்தின் துணி மாற்றும் அறையில், அவருக்குச் சுகம் வேண்டும் என்று கேட்டேன். உபவாசம் இருந்தேன். ஒரே ஜெபம். அந்தச் சமயத்தில் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் ஐக்கியத்துக்கு வந்தார். டாக்டர்கள் அப்போது வயிற்றில் ஒரு குழாய் வைக்கச் சொல்லியிருந்தார்கள். விழுங்க முடியாமல் போனால் அதன் வழியாகத்தான் ஆகாரம். நெஞ்சில் பலம் இருக்கும்போதே வைத்துவிட வேண்டும், தள்ளிப்போனால் மயக்கமருந்து தாங்காது. பிரசங்கியார் எங்கள் வீட்டுக்கு வந்து செல்வின் தலையில் கைவைத்து வெகுநேரம் ஜெபித்தார். போகும்போது என்னிடம், சுகத்தைக் கேட்டுவிட்டுக் குழாய்க்கும் தேதி வாங்கினால் அது அவிசுவாசம் இல்லையா சகோதரி என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியைத் தள்ளி வைக்கச் சொன்னேன். செல்வினிடம் கேட்கவில்லை.

அவருக்குத் தெரிந்தபோது கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்குள் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினார்.

"நாளைக்கும் நான் இருக்கணும்னு ஆண்டவர் நெனைச்சா, நாளைக்கும் நான் சாப்பிடணும்லா. அப்ப கொழாயும் விசுவாசந்தான்."

நான் ஆஸ்பத்திரிக் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"சொகத்துக்கு ஜெபி. வேண்டாம்னு சொல்லல. ஆனா அத மட்டுமே ஜெபம்னு ஆக்கிராத. அது கெடைக்கலன்னா ஒனக்கு ஜெபமே இல்லாமப் போயிரும்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பழைய தேதியைக் கேட்டேன். அது வேறொருவருக்குப் போய்விட்டது என்றார்கள். கெஞ்சி, காத்திருந்து, இன்னொரு தேதி வாங்கினேன். நல்லவேளை, நெஞ்சு அதுவரை தாங்கியது.

5

குழாய் வைத்துக் கொஞ்சம் தேறியதும் ஊருக்குப் போக வேண்டும் என்றார். அவர் ஊர்க் கோயிலில் அசனம் நடக்கிற நேரம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருநாள் சபை முழுவதும் கோயில் வளாகத்திலேயே சமைத்து, பந்தியில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற நாள். ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும். அந்தக் குழம்பு வாசனை ஆறு வரைக்கும் வரும்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கியதும் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். டப்பா டப்பாவாக வெள்ளைப் பொடி. தண்ணீர்கூட அவருக்குப் புரையேறும் என்பதால் எதிலும் அந்தப் பொடியைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். அதிகாரி ஒரு டப்பாவை முகர்ந்து பார்த்தார். நான் விளக்கினேன். அவருக்கு என் தமிழும் எனக்கு அவர் மலையாளமும் பாதிதான் புரிந்தது. நான் இங்கிலீஷுக்கு மாறினால் அயர்லாந்து இழுவை வந்துவிட்டது, அது யாருக்குமே புரியவில்லை. கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரில் பொடியைக் கலக்கி அங்கேயே காட்டினேன். அவர் செல்வினை ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டியைத் தானே மூடிக் கொடுத்தார்.

செல்வினுடைய அண்ணன் தங்கராஜ் அத்தான் ஊரில் வாழை விவசாயம். அசனத்துக்கு அடுப்புப் பக்கம் எப்போதும் அவர்தான். ஆனால் கோயிலுக்குள் கால்வைத்து நாளாகிவிட்டது. ஆற்றில் வெள்ளம் வந்து குலை தள்ளிய வாழை முழுவதையும் கொண்டுபோனது. வெள்ளம் வடிந்த கையோடு அவர் பெண்சாதிக்கு, எனக்கு அக்கா முறை, காய்ச்சல் வந்து, அவளும் போய்விட்டாள். அடக்கத்துக்கு அப்புறம் அவர் கோயில் படி ஏறவில்லை. சமைத்துப் போடுவார், ஆராதனை மணி அடித்தால் வெளியே வேப்பமரத்தடியில் போய் நிற்பார். சபையில் யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அவர் குழம்பு வேண்டியிருந்தது.

பந்தியில் செல்வின் உட்கார்ந்தார். அவருக்கும் இலை போட்டார்கள். அவரால் சோறு சாப்பிட முடியாது என்று அதற்குள் ஊருக்கே தெரியும், ஆனாலும் இலை போட்டார்கள். எதிர்வரிசையில் இருந்தவர்கள் அவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். தங்கராஜ் அத்தான் கரண்டியோடு வந்தார். குழம்பின் தெளிவை ஒரு கிண்ணத்தில் எடுத்து, என்னிடமிருந்து பொடியை வாங்கிக் கலந்து, பதம் வந்திருக்கிறதா என்று என்னைக் கேட்டு, தானே தரையில் உட்கார்ந்து தம்பிக்கு ஒரு கரண்டி கொடுத்தார். செல்வின் வெகுநேரம் வாயில் வைத்திருந்து விழுங்கினார். உப்பு கம்மி என்று கையால் காட்டினார். அத்தான் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

சாயங்காலம் மூவரும் ஆற்றங்கரைக்குப் போனோம். அணையைத் தாண்டித் தண்ணீர் கொஞ்சமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீரா அத்தனையும் செய்தது என்று இருந்தது. செல்வின் தான் காலையில் உட்கார்ந்து பழகுகிறதைப் பற்றி அண்ணனிடம் சொன்னார். கஷ்டம் வருமுன்னே ஆயத்தப்பட வேண்டும் என்பதைச் சொல்ல வந்து, அவர் நாக்கில் அது பாதிதான் வந்தது. மீதியை நான் எடுத்துச் சொன்னேன்.

அத்தான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"நானும் ஆயத்தமாத்தாம்லே இருந்தேன். வாழை சாயாம ஒண்ணு விடாம கம்பு கொடுத்தேன். கம்போட சேத்துத்தான் கொண்டு போச்சு. ஒங்க மதினி ஒரு நாளும் ஜெபிக்காமப் படுத்தவ இல்ல. அவளையும் கொண்டு போச்சு. நீ எங்கிட்ட அதச் சொல்லாத."

எனக்கு வாய்நிறையப் பதில் இருந்தது. இத்தனை வருஷம் பெண்கள் ஐக்கியத்தில் சொன்ன பதில்கள். செல்வின் என் கையைத் தொட்டு நிறுத்தினார். அண்ணனைப் பார்த்து, இழுத்து இழுத்துக் கேட்டார்.

"அதுக்குப் பொறவும் வாழை வச்சியே. அதுக்குக் கம்பு கொடுத்தியா?"

அக்கரையில் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கொடுத்தேன்" என்றார். "கொடுக்காம எப்படி இருக்க முடியும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. செல்வினிடம் ஜெயித்துவிட்ட முகம் இல்லை. இருட்டுமுன் திரும்பினோம். அத்தான் தம்பியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கல்லில் கால் இடறாமல் பைய நடத்திக்கொண்டு போனார். மறுநாள் ஞாயிறு. அவர் கோயிலுக்கு வரவில்லை. வேப்பமரத்தடியில்தான் நின்றார்.

6

திரும்பி வந்ததும் பேச்சு வேகமாகப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கருவி கொடுத்தார்கள். விரலால் தட்டினால் அது பேசும். மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. கொண்டுவந்து கொடுத்த பெண், இந்திய மொழி ஒன்று இருக்கிறது, ஹிந்தி, அது பரவாயில்லையா என்று கேட்டாள். அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். அவளுக்குத் திருநெல்வேலியிலிருந்து விளக்க எனக்குத் தெம்பில்லை. ஆங்கிலக் குரலே இருக்கட்டும் என்றேன்.

அவர் ஆங்கில எழுத்தில் ஸ்தோத்திரம் என்று தட்டினார். கருவி ஏதோ தைலத்தின் பெயரைச் சொல்வதுபோல் சொன்னது. நோய் தெரிந்தபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சத்தம் கேட்டு நவோமி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கருவியைக் கையில் வாங்கினாள். எந்த எழுத்தை எப்படி உடைத்துப் போட்டால் அது தமிழ் மாதிரிக் கேட்கும் என்று பார்க்க ஆரம்பித்தாள். கல்லூரி விட்டு வந்தால் அதே வேலை. அப்பா ஒரு சொல்லை எழுதிக் காட்டுவார். அவள் உடைத்து, கேட்டு, மாற்றி, திரும்பக் கேட்டு, சேமித்து வைப்பாள். கடைசியில் அது, பழைய காலத்து மிஷனெரி ஒருவர் பாளையங்கோட்டைக்கு வந்த புதிதில் தமிழ் பேசினால் எப்படி இருக்குமோ அப்படிப் பேசியது. ஆண்டவரே என்றது. என் மகளே என்றது. பசிக்கிறது என்றது. ழகரம் மட்டும் அதற்கும் வரவில்லை.

இதையெல்லாம் செய்கிறாளே என்று நான் ஆசையோடு, சபைக்கும் வருவாயா என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் மாறியது. "அம்மா, நான் இத நம்புறேன்னு அர்த்தம் இல்ல. அப்பா சொல்றது சரியாக் கேக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான். பாதி வாசலில் நின்ற பிள்ளையை நானே விரட்டிவிட்டேனோ என்று பயந்தேன். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள்.

அவர் தன் சொந்த வாயால் கடைசியாகப் பேசியது ஒரு காலைநேரம். சமையலறையில் உட்கார்ந்து எழும்புகிற சமயம். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. உடைந்து உடைந்து வந்ததை நான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

"இது எனக்கில்ல எஸ்தரு. எனக்கு இன்னும் கொஞ்சக் காலந்தான், அத நான் தாண்டிருவேன். கஷ்டகாலம் ஒனக்குத்தான். நான் போன பொறவு எல்லாரும் வந்து ஜெபிச்சிட்டுப் போயிருவாவ. வீடு காலியா இருக்கும். அப்பம் நீ வாயத் தெறந்தா ஒண்ணும் வராது. வரலன்னு பயந்துராத. வராமலே இருந்து பழகிட்டோம்லா."

நான் வேலைக்குத் தாமதமாகிறது என்றேன். காரை எடுத்து, கடைத்தெருவைத் தாண்டி, ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். இத்தனை நாளும் அவருடைய ஆயத்தத்துக்கு நான் துணை இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

வசந்தம் தொடங்கும்போது நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சில நாள். ஒரு மத்தியானம், நானும் நவோமியும் இரண்டு பக்கமும் இருக்க, மூச்சு மெதுவாகி நின்றது. சுகம் கிடைக்கவில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் சாட்சிகளில் நாம் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறோம். போதகர் வந்து ஜெபித்தார். என்னை ஜெபத்தை முடிக்கச் சொன்னார். நான் செல்வின் கையைப் பிடித்தபடி சும்மா இருந்தேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போதகரே ஆமென் சொன்னார்.

ஊருக்குக் கொண்டுபோகவில்லை. நவோமி இருக்கிற மண்ணில் இருக்கட்டும் என்று அவரே சொல்லியிருந்தார். மழையில் அடக்கம் செய்தோம். தங்கராஜ் அத்தான் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் படம் உறைந்துவிட்டது. பெட்டியை இறக்கியதை அவர் பார்க்கவில்லை.

7

அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. எல்லாரும் வந்தார்கள், குழம்பு கொண்டுவந்தார்கள், ஜெபித்தார்கள், போனார்கள். வீடு காலியானது. ஒரு நாள் பெண்கள் ஐக்கியத்தில் வழக்கம்போல் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆற்றில் மணலைத் தோண்டினால் தண்ணீர் ஊறும் என்று தோண்டுகிறோம், வெறும் மணலே வருகிறது, அப்படி இருந்தது. வேறொருவர் தொடர்ந்தார்.

ஆனால் பயப்படவில்லை. அது மட்டும் உண்மை. வராமல் இருக்கும் என்று ஒருவர் முன்னாலேயே சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியும் விட்டிருந்தார். இன்றைக்கும் வேலையில்லாத காலையில் சமையலறை நாற்காலியில் உட்காருகிறேன். சில நாள் தூங்கிவிடுகிறேன். சில நாள் கோபம் வருகிறது, ஆண்டவர்மேல்தான். பிரசங்கியார்மேல்கூட இவ்வளவு கோபம் இல்லை. சில நாள் ஒன்றுமில்லை. எழுந்து போய்விடவும் தோன்றவில்லை. ஒருவர் இருக்கிற அறையில் பேசாமல் இருப்பதும், ஆளில்லாத அறையில் பேசாமல் இருப்பதும் ஒன்றல்ல. இதற்கு மேல் எனக்கு அதைச் சொல்லத் தெரியாது. இதைத்தான் அன்றைக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கராஜ் அத்தான் அழைக்கிறார். வாழை, மழை, மூட்டுவலி எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், "கோயிலுக்குப் போனியா?" என்று கேட்பார்.

"போனேன் அத்தான். நீங்க போனீயளா?"

"என்னைய விடு. நீ போனியா, அதச் சொல்லு."

போகாத ஞாயிறுகளில் எனக்கு அவரிடம் பதில் சொல்லப் பயமாக இருக்கிறது. போதகரிடம்கூட அந்தப் பயம் இல்லை.

இப்போது எனக்குப் பெரும்பாலும் இரவு டியூட்டி. நவோமி கார் ஓட்டக் கற்றுவிட்டாள். காலையில் கல்லூரிக்குப் போகுமுன் இல்லத்து வாசலுக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்கிறாள். நான் அவளிடம் சபைக்கு வா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதால் அல்ல. கேட்கத் தெம்பில்லை, அதோடு என் குரல் அவளை எங்கே நிறுத்துகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் ஒரு நாள் அப்படி ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்கு இல்லத்தில் ஒரு கிழவர் தவறிப்போயிருந்தார். விடியும்வரை அவரோடுதான் இருந்தேன். என்ன ஆச்சு என்று நவோமி கேட்டாள், சொன்னேன். ஊர் எல்லையைத் தாண்டுமுன்னே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது எங்கள் வீட்டு வாசலில் இருந்தோம். இன்ஜின் நின்றிருந்தது. அவளுடைய கோட்டு என்மேல் போர்த்தியிருந்தது. அவள் கையில் போன் இல்லை, காதில் பாட்டும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கல்லூரிக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். ஆகிவிட்டது என்றாள். எழுப்பியிருக்கலாமே என்றேன். பரவாயில்லை அம்மா என்றாள்.

என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, எங்கள் இரண்டு பேருடைய மூச்சும் படிந்து நான்கு பக்கக் கண்ணாடியும் வெளுத்துப் போயிருந்தன.